ஓப்பன் சோர்ஸ்: திறந்திருந்தால் மட்டும் போதுமா?

"ஓப்பன் சோர்ஸ் தானே? அப்ப பயமில்ல, ஊரே பார்த்திருக்கும்." இது எங்கள் வகுப்பில் ஒரு கட்சி. "ஓசியில கெடைக்கிற சாமானுக்கு யார்ரா கேரண்டி?" இது எதிர்க்கட்சி. கேன்டீனில் இந்த இரண்டு கட்சிகளும் மோதாத வாரம் கிடையாது. இரண்டுமே பாதி உண்மைதான் என்பது என் கட்சி (உறுப்பினர் எண்ணிக்கை: 1). அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு சின்ன பால் சங்கத்துக்குக் கணக்கு எழுதும் மென்பொருள். காலையும் மாலையும் யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், கொழுப்பு எவ்வளவு, பத்து நாளைக்கு ஒரு முறை யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்பதுதான் வேலை. கேட்க எளிது. ஆனால் அதற்குள் மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் பக்கமே வராதவர்கள். நம்மை நம்பிக் கொடுக்கிறார்கள்.

முதல் ரிவ்யூவில் எங்கள் கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல நீங்க எழுதுனது எவ்வளவு, அடுத்தவங்க எழுதுனது எவ்வளவு?" பார்த்தோம். நாங்கள் பட்டியலில் எழுதிச் சேர்த்த பேக்கேஜ்கள் பதினொன்று. அவை தங்களுக்கு வேண்டியவற்றை இழுக்க, அவை இன்னும் சிலதை இழுக்க, ஃபோல்டரில் வந்து இறங்கியிருந்தது பல நூறு. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தது பதினோரு வீட்டுக்கு, பந்தியில் உட்கார்ந்தது ஊர் முழுக்க!

கணினி படிக்காத நண்பர்களுக்கு ஒரு வரி. பேக்கேஜ் என்றால் பொட்டலம்தான். தேதியைக் கணக்கிட, பிடிஎஃப் அச்சடிக்க, கடவுச்சொல்லைப் பூட்டி வைக்க என்று யாரோ எழுதி இலவசமாகப் பொதுவில் வைத்த நிரல். ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்கு என்பிஎம், பைத்தான்காரர்களுக்கு பைபிஐ என்று பெரிய கிடங்குகள் இருக்கின்றன. ஒரு வரி தட்டினால் பொட்டலம் நம் கணினிக்கு வந்துவிடும். இன்று உலகத்தில் ஓடும் மென்பொருளில் பெரும்பகுதி இப்படி அடுத்தவர் நிரலின் மேல்தான் நிற்கிறது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்குள்ளும் இதேதான். ஆக "ஓசி வேண்டாம்" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

இந்த உலகத்தில் ஒரு பேக்கேஜின் மூல இடத்தை 'அப்ஸ்ட்ரீம்' என்பார்கள். ஆற்றின் மேல்பக்கம் என்று அர்த்தம். ராஜபாளையத்துக்காரனான எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே அய்யனார் கோவில்தான் ஞாபகம் வரும். ஊருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற நீர் காத்த அய்யனார். பக்கத்திலேயே ஆறு. மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் கோவிலுக்குப் போக வனத்துறை தடை போட்டுவிடும். அந்த மலைத் தண்ணீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து ஊருக்குக் குடிநீராக வருகிறது. அந்தக் காடு இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் (2021) சேர்ந்தது.

ஊருக்குள் குழாயைத் திறக்கும் யாரும் ஒவ்வொரு குடத்தையும் லேபுக்கு அனுப்பிப் பார்ப்பதில்லை. ஆறு எல்லார் கண்ணுக்கும் திறந்துதான் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஆனால் பார்க்கலாம் என்பதால் தண்ணீர் சுத்தமாகிவிடாது. மேலே காட்டை யாரோ காக்கிறார்கள், நீர்த்தேக்கத்தை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள், இடையில் குழாயில் எதுவும் கலக்காமல் யாரோ கவனிக்கிறார்கள். அதனால்தான் குடிக்கிறோம். ஓப்பன் சோர்ஸும் அப்படித்தான் என்பது என் வாதம். திறந்திருப்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டும்தான். காவல் என்பது தனி வேலை. ஒரு பேக்கேஜை நம்பலாமா என்று எடை போடுவது, அந்தக் காவலை யார் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிப்பதுதான்.

"ஊரே பார்த்திருக்கும்" கட்சிக்கு முதல் பதில், 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட். இணையத்தில் பாதிப் பூட்டுகளுக்குச் சாவி செய்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஓட்டை அது. 2012-ல் வெளியான பதிப்பிலேயே இருந்தது. இரண்டு வருடம் உலகத்துக்கே திறந்து கிடந்த நிரலில் அது யார் கண்ணிலும் படவில்லை. ஏனென்றால் எல்லாரும் "வேறு யாராவது பார்த்திருப்பார்கள்" என்று நினைத்தார்கள். அவ்வளவு பெரிய விஷயத்தைப் பராமரித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

ஹார்ட்பிளீட் தெரியாமல் நடந்தது. தெரிந்தே செய்தது எக்ஸ்இசட் சம்பவம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு பேக்கேஜை எப்படி எடை போடுவது என்ற பாடம் முழுக்க இதற்குள் இருக்கிறது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சாதாரண கருவி. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கும். பின்லாந்துக்காரர் லாஸ் காலின் பல வருடங்களாகச் சம்பளமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 கடைசியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து உதவ ஆரம்பித்தார். நல்ல பிள்ளை, நல்ல நிரல். 2022-ல் வேறு சில பெயர்கள் வந்து, "வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரைச் சேருங்கள்" என்று காலினை நெருக்கின. அதில் ஒரு பெயர் ஜிகர் குமார்! நம்மூர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், அப்படி ஓர் ஆள் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. தனக்கு நீண்ட நாளாக மனநலப் பிரச்சினை இருக்கிறது, இது சம்பளமில்லாத வேலை என்று காலின் பதில் எழுதினார். கடைசியில் ஜியா டானுக்கும் பொறுப்பு கொடுத்தார். 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளில் ஜியா டான் பின்கதவு வைத்தார். அந்தப் பதிப்பு போன கணினிகளில், ரகசியச் சாவி வைத்திருப்பவர் வெளியிலிருந்து உள்ளே கட்டளை போடலாம்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஆள். தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அதற்குள் அது டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்டது. நிலையான பதிப்புக்குள் போகவில்லை. போயிருந்தால்? டெபியனிலிருந்து எத்தனையோ கிளைகள் இறங்குகின்றன. நம் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் கிளைதான். தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சப் பை மாதிரி யாரும் சீண்டாமல் கிடந்ததே, அதே பாஸ்! மேலே கலந்தால் கீழே எந்த ஊர்க் குழாய் வரை வரும் என்று புரிகிறதா?

இதில் நான் கவனித்தது மூன்று விஷயம். ஒன்று, நிரலில் பிழை தேடும் எந்தக் கருவியும் இதைப் பிடித்திருக்காது, ஏனென்றால் உடைக்கப்பட்டது நிரல் அல்ல, களைத்துப்போன ஒரு மனிதர். இரண்டு, பின்கதவைக் கிளப்பிவிடும் வரிகள் பொதுவில் எல்லாரும் பார்க்கும் நிரலில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டித் தந்த பொட்டலத்தில் மட்டும் இருந்தன. ஆற்றைப் போய்ப் பார்த்தவருக்குத் தண்ணீர் சுத்தம், விஷம் குழாயில்! மூன்று, எதிர்க்கட்சி நண்பர்களுக்கு: நிரல் திறந்திருந்ததால்தான் சம்பந்தமே இல்லாத ஓர் ஆள் தோண்டிப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் அரை நொடி தாமதத்துக்குக் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டிருப்போம். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றிருப்பார்கள்.

அந்த இரண்டாவது விஷயம் நம் நாட்டில் இன்னொரு உருவத்தில் வந்தது. ஆரோக்கிய சேது நினைவிருக்கிறதா? 2020 ஏப்ரல் 2 அன்று வந்த கொரோனா ஆப். பத்து கோடிப் பேருக்கு மேல் இறக்கிய பிறகு, மே 26 அன்று அதன் ஆண்ட்ராய்டு நிரலை அரசு கிட்ஹப்பில் வெளியிட்டது. நல்ல காரியம், பாராட்ட வேண்டியது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் உடனே இரண்டு கேள்வி கேட்டார்கள். சர்வர் பக்கத்து நிரல் எங்கே? ப்ளே ஸ்டோரிலிருந்து என் போனுக்கு வந்த ஆப்பும் இங்கே வைத்திருக்கும் நிரலும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும்? குறை சொல்வதற்காகக் கேட்ட கேள்விகள் அல்ல இவை. எந்த ஓப்பன் சோர்ஸைப் பார்த்தும் கேட்க வேண்டிய கேள்விகள். ஒரே நிரலை யார் கட்டினாலும் பிட்டு பிசகாமல் ஒரே கோப்பு வர வேண்டும் என்று டெபியன்காரர்கள் பல வருடமாக உழைப்பதும் இதற்காகத்தான்.

சரி, கதை போதும். எங்கள் பதினோரு பேக்கேஜையும் (அவற்றின் வால்களையும்) எப்படிப் பார்த்தோம் என்று சொல்கிறேன். இது பெரிய ஆராய்ச்சி இல்லை, ஒரு சனி ஞாயிறில் நான்கு பேர் செய்த வேலை.

1. பெயர் சரிதானா? ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று போர்டு இருக்கும், உள்ளே இருப்பது எந்த ஊர்ப் பால் என்று அந்த அய்யனாருக்கே வெளிச்சம். பேக்கேஜ் கிடங்கிலும் போலிப் போர்டு உண்டு. 2018-ல் பைபிஐயில் 'கலர்' என்ற சொல்லை அமெரிக்க எழுத்துக்கூட்டலில் வைத்திருந்த ஒரு பிரபல பேக்கேஜுக்கு, பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் ஒரு போலி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்த ஸ்பெல்லிங் எது? அதுதான் பொறி! இப்போது புதுத் தலைவலி, ஏஐயிடம் கேட்டால் இல்லாத பேக்கேஜ் பெயரைக்கூடக் கூசாமல் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது முன்கூட்டியே கடை விரித்து வைத்தால் நேராகப் போய் விழுவோம். அதனால் பெயரை அந்தத் திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று முடிவு.

2. காவல் யார்? எத்தனை பேர், எத்தனை காலமாக, பொறுப்பு கைமாறியிருந்தால் எப்படி மாறியது. 2018-ல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாத ஆசிரியர், கேட்டு வந்த முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்தார். புதியவர் பிட்காயின் திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். நட்சத்திரமும் டவுன்லோடு எண்ணிக்கையும் இதையெல்லாம் சொல்லாது. கூட்டம் இருக்கிற கடை என்று மட்டும்தான் சொல்லும்.

3. ஊற்றும் குழாயும் ஒன்றா? கிடங்கில் இருக்கும் பொட்டலத்தைப் பிரித்து, பொதுவில் இருக்கும் நிரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. சில பேக்கேஜ்களில் இப்போது "இன்ன நிரலிலிருந்து கட்டப்பட்டது" என்று கையொப்பமிட்ட சான்றே வருகிறது. அது இருந்தால் வேலை பாதி மிச்சம்.

4. நிறுவும்போதே ஏதாவது ஓடுகிறதா? என்பிஎம் பேக்கேஜ்கள் இறங்கியவுடன் தாமாக ஒரு ஸ்கிரிப்டை ஓட்ட முடியும். தேதி கணக்கிடும் பேக்கேஜுக்கு அது எதற்கு? அதை நிறுத்தி வைத்து நிறுவினோம். எதுவும் கெட்டுப்போகவில்லை.

5. வால் எவ்வளவு நீளம்? 2016-ல் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் கோபத்தில் நீக்க, உலகம் முழுக்கப் பல திட்டங்கள் படுத்துவிட்டன. பதினோரு வரி! ஐந்து நிமிடத்தில் நாமே எழுதக்கூடியதை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

6. குறை வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள்? பழைய ஓட்டைகளின் பட்டியல் இருப்பது அவமானம் இல்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியானபோது, அதன் தன்னார்வலர்கள் தூக்கமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தம் வெளியிட்டார்கள். ஒரு குறைகூடப் பதிவாகாத பேக்கேஜ் சுத்தமானதாக இருக்கலாம், யாருமே எட்டிப் பார்க்காததாகவும் இருக்கலாம்.

இவற்றில் சிலவற்றைத் தானாகச் சோதித்து பத்துக்கு மதிப்பெண் போடும் ஸ்கோர்கார்டு என்ற இலவசக் கருவி இருக்கிறது. தெரிந்த ஓட்டைகளைச் சொல்ல என்பிஎம் ஆடிட், பிப்-ஆடிட் எல்லாம் இருக்கின்றன. ஓட்டிப் பாருங்கள், ஆனால் மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள். எக்ஸ்இசட் மாதிரி ஒரு சங்கதியை மதிப்பெண் பிடிக்காது.

"அப்ப உடனுக்குடன் அப்டேட் பண்ணா போதுமா?" என்றான் நண்பன். அங்கேயும் சிக்கல். 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட பதினெட்டு என்பிஎம் பேக்கேஜ்களின் பராமரிப்பாளரை ஒரு போலி மின்னஞ்சல் ஏமாற்றி, அவர் கணக்கைப் பறித்தது. சுமார் இரண்டு மணி நேரம் விஷப் பதிப்புகள் கிடங்கில் இருந்தன. அந்த நேரத்தில் சுறுசுறுப்பாக அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டினார்கள். அதனால் எங்கள் விதி: பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே, மற்ற புதுப் பதிப்புகள் என்றால் ஒரு வாரம் ஊறட்டும். எந்தப் பதிப்பு, அதன் கைரேகை எண் என்ன என்று லாக் ஃபைலில் பூட்டியாயிற்று.

முடிவில் என்ன ஆச்சு? பதினொன்றில் மூன்றைக் கழற்றிவிட்டோம். அதில் இரண்டு மிகப் பிரபலமானவை, ஆனால் நீளமான வால், எங்களுக்குத் தேவைப்பட்டதோ இருபது வரி. ஒன்றின் நிரலும் பொட்டலமும் ஒத்துப்போகவில்லை. அது கெட்ட எண்ணமா, கவனக்குறைவா என்று தெரியாது, ஆனால் ஊரார் வங்கிக் கணக்கை வைத்து அந்த ஆராய்ச்சி செய்ய வேண்டாமே. மாறாக, ஒரே ஆள் பராமரிக்கும், பெரிதாக யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன பேக்கேஜை வைத்துக்கொண்டோம். மொத்த நிரலையும் ஒரே உட்காரலில் வாசித்து முடிக்க முடிந்தது. வால் இல்லை, ஸ்கிரிப்ட் இல்லை.

ஓப்பன்-தமிழ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர் பெயர்களை அகர வரிசையில் அடுக்க எங்களுக்கு அது வேண்டியிருந்தது. ('கோ' என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. சாதாரணமாக அடுக்கச் சொன்னால் உயிர்மெய்யெல்லாம் இடம் மாறிப் போகும்.) எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானில் செய்த தன்னார்வ வேலை. எங்கள் ஆறு கேள்வியையும் இதற்கும் கேட்டோம். பெயர் தெரிந்த ஆட்கள், பல வருடப் பொது வரலாறு, கூடவே சோதனை நிரல்கள். வைத்துக்கொண்டோம். ஆனால் அப்போதுதான் ஒன்று உறைத்தது. இதில் வரிசை தப்பாக வந்தால் கலிஃபோர்னியாவில் இருக்கும் எந்த செக்யூரிட்டி கம்பெனியும் கண்டுபிடிக்காது. 'ள'வுக்கு முன் 'ழ' வரும் என்று தெரிந்த கண்தான் கண்டுபிடிக்க முடியும். "ஊரே பார்த்திருக்கும்" என்கிறோமே, தமிழ் பேக்கேஜ்களுக்கு அந்த ஊர் நாம்தான். நம்மை விட்டால் வேறு ஊர் இல்லை. எங்கள் உறுப்பினர் பட்டியல் மாதிரியே கற்பனைப் பெயர்களை வைத்து ஒரு சோதனைத் தொகுப்பு எழுதியிருக்கிறோம், சரிபார்த்து அவர்களுக்கே அனுப்பப் போகிறோம்.

போன வாரம் சங்கத்தில் செயல் விளக்கம். லாக் ஃபைல், ஆடிட் என்று நாங்கள் ஆரம்பிக்கும் முன்பே செயலர் அண்ணாச்சி குறுக்கே கேட்டார். "எல்லாம் சரி தம்பி, அடுத்த வருசம் நீங்க வேலை கெடச்சு மெட்ராஸ், பெங்களூர்னு போயிருவீங்க. அப்புறம் இத யாரு பாப்பா?"

நாங்கள் பதினோரு பேக்கேஜைப் பார்த்துக் கேட்ட அதே இரண்டாம் கேள்வி. இந்த முறை பேக்கேஜ் நாங்கள்!

உள்ளே என்னென்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு, எங்கிருந்து வந்தது என்று முழுப் பட்டியல் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தோம். மென்பொருளின் மூலப்பொருள் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று சர்ட்-இன் 2024-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, அதைப் பார்த்துச் செய்தது. இரண்டாமாண்டுத் தம்பி ஒருவனைச் சேர்த்து, மாதம் ஒரு முறை ஆடிட் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறோம். அண்ணாச்சி பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மடித்துப் பால் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தம்பியின் போன் நம்பரை மட்டும் மேலட்டையில் பெரிதாக எழுதச் சொன்னார்.